கசப்பாற்றுத் தண்ணீர் ஒரு தம்ளர்

நவம்பர் முதல் தேதி நண்பகலில் இறந்தவர்கள் வருவார்கள். பாலைவனத்தைக் கடந்து வருவதால் தாகத்தோடு வருவார்கள். அதனால் அவர்களுக்காகப் போடும் மேசையில் முதலில் வைப்பது தண்ணீர்.

என் மனைவி சுலேமா போன பிறகு வரும் முதல் நவம்பர் இது. அக்டோபர் கடைசி வாரம் அவள் அம்மா தெல்ஃபீனா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை. மேசை எந்தச் சுவரோரம் வரும் என்று கண்ணாலேயே அளந்தார்.

"மாப்ளே, மேசைய இங்கதான் போடணும். அவ இந்த வீட்டுலேருந்துதான போனா."

"சரி, அத்தை."

"கறுப்புத் துணி என்கிட்ட இருக்கு. ரொட்டிப் பொம்மை எல்சா சுடுறா. ஆட்ட எடீலியோ அறுப்பான். நீ ஒண்ணும் செய்ய வேணாம். ஷேவ் மட்டும் பண்ணிக்க. அவ வந்து பாத்து பயந்துடப் போறா."

"சரி."

"தண்ணி நான் கொண்டாறேன். ஆத்துலேருந்து."

இதற்கு நான் சரி சொல்லவில்லை.

ஊரின் பெயர் ஹாருபாயா. ஹாரு என்றால் அய்மாரா மொழியில் கசப்பு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, யாரும் பொருட்படுத்தியதில்லை. இரண்டு மொட்டை மலைகளுக்கு நடுவே ஆறு போகிறது. எரிமலைப் பக்கமிருந்து இறங்கும்போதே உப்பையும் சுண்ணாம்பையும் போரானையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கூடவே ஆர்சனிக். இந்தத் தண்ணீரில் குதிரைமசாலும், பிடிவாதமான ஒரு வகைச் சோளமும்தான் விளையும். இவற்றைத் தின்று ஆடுகள் வாழ்கின்றன. ஆட்டுப்பாலிலிருந்து சீஸ். சீஸ் ஆரிக்கா துறைமுகத்துக்குப் போகிறது. நான் அங்கிருந்து வந்தவன். வேதியியல் படித்தவன். மாகாண அலுவலகம் இந்த ஊருக்கு ஓர் ஆர்.ஓ. இயந்திரம் கொடுத்தது, அதை ஓட்ட என்னை அனுப்பியது. வந்த இடத்தில் கல்யாணம் ஆனது. பிப்ரவரியில் மலைமழை பெய்து சாலை அடைபட்டிருந்த நாளில் சுலேமாவின் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது.

"சுலேமா மெஷின் தண்ணிதான் குடிப்பா, அத்தை. உங்களுக்கே தெரியும். ஊர்ல முதல்ல குடிச்சதே அவதான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் வினோதமாக இருந்தது.

"உன் முன்னாடி குடிப்பா."

"அப்படின்னா?"

"தெனம் சாயங்காலம் பால் கறக்க வந்தா மொதல்ல பானையத்தான் தெறப்பா. நின்னுக்கிட்டே ரெண்டு தம்ளர் ஆத்துத் தண்ணி. 'யெர்கோவோட தண்ணி குடிச்சா குடிச்ச மாதிரியே இல்லம்மா'ம்பா. 'அவன்கிட்ட சொல்லிடாத, மூஞ்சி விழுந்துடும்'னுவா." வாசலுக்குப் போய்த் திரும்பினார். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா புள்ள அவ்ளோ தூரம் வந்து, தம்ளர மோந்து பாத்துட்டு, குடிக்காமப் போயிட்டா என்ன பண்றது?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அன்று இயந்திரத்தின் அழுத்தமானியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எண் நினைவில் இல்லை. மறுபடி பார்த்தேன். மறுபடியும் இல்லை.

சிக்கல் தண்ணீரை வைப்பதில் மட்டும் இல்லை. இரண்டாம் தேதி நண்பகலில் இறந்தவர்களை வழியனுப்புவார்கள். அப்போது தம்ளரில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க வேண்டும். கணவனோ மனைவியோ குடிக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் தாய். எல்லோர் முன்னாலும், ஒரு சொட்டு விடாமல். குடித்தால்தான் தாகம் தீர்ந்து ஆவி திரும்பிப் போகும். இந்த ஊரில் யாரும் இதை மீறியதில்லை.

மேசையில் ஆற்றுத் தண்ணீர் வைத்தால், அதை நான் குடிக்க வேண்டும். "ஆத்துத் தண்ணி குடிக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொன்ன நான். நவம்பர் நடுவில் ஊர்க்கூட்டம். இயந்திரத்தை வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று கேட்டு அலுவலகம் கடிதம் எழுதியிருக்கிறது. மலைமேல் இன்னொரு ஊர் அதற்காகக் காத்திருக்கிறது. தெல்ஃபீனா வேண்டாம் என்று தடுத்துவருவதால் இங்கே பாதிப் பேர்தான் இயந்திரக் குழாய்க்கு வருகிறார்கள். அந்தப் பாதியும் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேசையில் இயந்திரத் தண்ணீர் வைத்தால், சுலேமா குடிக்காமல் போவாள்.

ஆவிகளை நான் நம்புவதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் எடீலியோ லாரியோடு வந்தான். சுலேமாவின் அண்ணன். லாரி பேட்டரிக்கு இயந்திரத் தண்ணீர் பிடிப்பான். அவனைப் பொறுத்தவரை அதன் ஒரே பயன் அதுதான்.

"என்ன மச்சான், அம்மா வந்து குண்டு போட்டுட்டுப் போனாங்களாமே."

"உனக்கும் தெரியுமா? அவ ஆத்துத் தண்ணி குடிச்சது?"

"ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதுங்கிறதும் ஊருக்கே தெரியும்." கேனைக் குழாயடியில் வைத்தான். "கோவிச்சுக்காத. உன் தண்ணி நல்ல தண்ணிதான். பேட்டரி பத்து வருஷம் வரும். மனுஷனுக்குத்தான் ஆகல. நான் வெயில்ல குதிரைமசால் அறுத்துட்டு வந்து ஒரு சொம்பு குடிக்கிறேன். நேரா கீழ எறங்கிடுது. உள்ள நிக்கல. தாகம் தீரல. ஒண்ணுக்குப் போறதுக்குன்னே குடிக்கிற மாதிரி இருக்கு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் அதைத் திருப்பித் தராது. உப்பு குறைந்த உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்காமல் வெளியே தள்ளும். எலும்புக்குச் சுண்ணாம்பும் தசைக்கு மக்னீசியமும் சாப்பாட்டில் கிடைக்கின்றன என்றாலும், ஒரு பங்கு தண்ணீரிலிருந்தும் வருகிறது. என் இயந்திரம் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. கரைந்திருப்பதை எல்லாம் சவ்வில் நிறுத்திவிடும். வெளியே வருவது மழைத்தண்ணீர் போன்ற ஒன்று. தாதுக்களைக் கொஞ்சம் திருப்பிச் சேர்க்கச் சுண்ணாம்புக்கல் உருளை ஒன்று பொருத்த வேண்டும். முதல் வருஷமே கேட்டேன். அடுத்த நிதியாண்டு என்றார்கள். எல்லா வருஷமும் அடுத்த நிதியாண்டுதான்.

"நோர்மா எதைக் குடிக்கிறா?" என்று கேட்டேன். நோர்மா அவன் மனைவி. ஆறாவது மாதம்.

சிரிப்பு போய்விட்டது. "அம்மா சமையல். அம்மா பானை. நான் என்னத்தச் சொல்றது?"

"வயித்துல இருக்கிறதுக்கும் போகும்டா அது."

"தெரியும் மச்சான். நீ சொல்லியிருக்க. ஆனா நாங்கல்லாம் அதுல வளந்தவங்கதான? துறைமுகத்து மியூசியத்துல படுத்திருக்காரே எங்க தாத்தாவோட தாத்தாவோட தாத்தா, மம்மியாகி, காஞ்ச மீன் மாதிரி. அவர் முடியில கூட இந்த ஆறுதான் இருக்குன்னு நீயே சொன்ன. எங்களுக்குப் பழகிப்போச்சு."

அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இந்த ஆற்றைக் குடித்து வளர்ந்த வம்சங்களின் உடம்பு விஷத்தை மற்றவர்களைவிட வேகமாக வெளியேற்றுகிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. தெல்ஃபீனாவின் உள்ளங்கையில் சோள மணி போலக் கடினமான புள்ளிகள் இருக்கின்றன. யாராவது பார்த்தால் கையை மூடிக்கொள்வார்.

எடீலியோ கேனைத் தூக்கி லாரியில் வைத்தான். "ருசி மட்டும் இருந்திருந்தா மச்சான். அவ்ளோதான். ஆத்து ருசி."

அவன் போன பிறகு அந்த வார்த்தையிலேயே நின்றேன். ருசி. ஆற்றின் ருசி என்பது என்ன? உப்பு, சோடா, சுண்ணாம்பு, மக்னீசியம். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். மாதாமாதம் நானே சோதிக்கிறேன். ஆர்சனிக்குக்கு ருசி கிடையாது. மணம் கிடையாது. நிறம் கிடையாது.

அக்டோபர் முப்பத்தொன்று பிற்பகல் இயந்திரத்தை நிறுத்தினேன். வீட்டுச் சமையல் உப்பு. சமையல் சோடா. சுகாதார நிலையத்திலிருந்து பேதி உப்பு, அது மக்னீசியம். சீஸுக்குப் பாலைத் திரிய வைக்கப் போடும் கால்சியம் உப்பை எல்சாவிடம் வாங்கினேன். எல்சா பக்கத்து வீடு. கை முழுக்க மாவோடு கதவைத் திறந்தாள்.

"நீ சீஸ் பண்ணப் போறியா யெர்கோ? ஆடு எங்க?"

"தண்ணில போட."

"ஐயோ பாவம்," என்றாள், எனக்குக் கேட்கும்படியே. தட்டில் ரொட்டிப் பொம்மைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றுக்கு நீளமான பின்னல். சுலேமாவாக இருக்க வேண்டும். நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

அளந்து, கரைத்து, சோதித்து, மறுபடி அளந்தேன். வேலை செய்யும்போது கைகளுக்கு நான் தேவைப்படுவதில்லை. மூன்றாவது குடம் சரியாக வந்தது. ஊற்றி வாயில் வைத்தேன்.

நான் இந்த ஆற்றைக் குடித்ததே இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு வாய் கூட. சோதித்ததெல்லாம் சோதனைக் குழாயிலும் காகிதத்திலும்தான். ஆனால் இந்த ருசியை எனக்குத் தெரியும். முதலில் மெல்லிய உப்பு. பிறகு சாக்குக்கட்டி போல ஒன்று. கடைசியில் நாக்கின் ஓரத்தில் கசப்பு.

சாயங்காலம் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து அவள் முத்தமிடும்போது இருந்த ருசி. ஆட்டுச் சீஸ் என்று நினைத்திருந்தேன்.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து குடத்தை மூடினேன்.

தெல்ஃபீனாவின் சமையலறையில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. நோர்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எடீலியோ பூத்த வெங்காயத் தண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவற்றையும் மேசையில் வைப்பார்கள். தண்டுக்குள் வெற்றிடம் இருக்கும். திரும்பிப் போகும் வழியில் குடிக்க ஆவி அதில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். இந்த ஊரில் இறந்தவர்களின் கவலையெல்லாம் தண்ணீர்தான்.

இரண்டு தம்ளர் வைத்தேன். ஒன்றில் அவர் பானையிலிருந்து. இன்னொன்றில் என் குடத்திலிருந்து.

"ஒண்ணு ஆறு, அத்தை. ஒண்ணு நான் பண்ணது. குடிச்சுப் பாருங்க."

"நீ பண்ணதா? என்னத்தப் போட்ட?"

"உப்பு, சோடா, சீஸுக்குப் போடுற கால்சியம், பேதி உப்பு."

எடீலியோ வெங்காயத்தைக் கீழே போட்டான். "பேதி உப்பா? அடப்பாவி, என் தங்கச்சி ஒரு நாள் லீவுல வர்றா. அதுலயும் அவள கொல்லைக்கு ஓட விடுவியா?"

"கொஞ்சம்தான்டா. ஆத்துலயே அது இருக்கு."

"அதான் நாங்க எல்லாரும் ஒல்லியா இருக்கோம் போல."

நோர்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தெல்ஃபீனா சிரிக்கவில்லை. அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, எடீலியோ தம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்தான். அவர் ஒன்றைக் குடித்தார். நாக்கைச் சப்பினார். மற்றதைக் குடித்தார். மறுபடி முதலாவது. அடுப்பில் மூடி தடதடத்தது.

"இதுதான் ஆறு," என்றார்.

எடீலியோ என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லம்மா. அது மச்சானோடது."

"எடம் மாத்தும்போது நீயே கொழம்பிட்ட."

"நான் கொழம்பல. ஆத்துத் தம்ளர்ல விளிம்பு உடைஞ்சிருக்கு, பாரு."

அவர் மறுபடி இரண்டையும் குடித்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு. பிறகு இரண்டு தம்ளரையும் மேசையில் டக்கென்று வைத்தார்.

"எதுக்கு இந்தக் கூத்து? ஆத்துக்குப் போலி பண்ணிட்டு வந்து என்னைய சோதிக்கிறியா?"

"சோதிக்கல, அத்தை. அவளுக்குப் புடிச்ச ருசியோட வைக்கலாம்னு. வெஷம் இல்லாம."

"ஏதோ ஒண்ணு கொறையுது இதுல."

"கொறையுறது ஆர்சனிக் மட்டும்தான். அதுக்கு ருசி கெடையாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வலது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார். எங்கள் எல்லோர் முன்னாலும்.

"ருசியே இல்லியா?"

"இல்ல, அத்தை."

"அப்ப இருக்குன்னே தெரியாம ஊத்திக் குடுக்கலாம்." குரல் தாழ்ந்தது. "தெனம் ரெண்டு தம்ளர். நாந்தான் மொண்டு குடுப்பேன்."

நோர்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாப்ளே, நீ படிச்சவன். ஒண்ணு மட்டும் சொல்லு. மழுப்பாம சொல்லு. அவளுக்குத் தலைக்குள்ள ஆனது... நானா?"

இயந்திரத்தோடு அவர் போட்ட சண்டை பிப்ரவரிக்குப் பிறகு ஏன் முற்றியது என்று அப்போதுதான் தெரிந்தது. என் தண்ணீர் நல்லது என்று ஒப்புக்கொண்டால் அடுத்து இந்தக் கேள்வியைத்தான் கேட்டாக வேண்டும். கேட்காமலிருக்க ஊரையே தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன். "பொறக்கும்போதே அந்தக் கொழாய் மெலிசா இருந்திருக்கு. டாக்டர் என்கிட்ட சொன்னார். எந்தத் தண்ணி குடிச்சிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

மருத்துவர் முதல் பாதியைச் சொன்னார். அது உண்மை. இரண்டாம் பாதியை நான் சேர்த்தேன். அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவர் என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு திரும்பிக் கறியைக் கிண்டினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"செத்தவளுக்கு வெஷம் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்ப ஆத்துத் தண்ணியே வைப்போம். உன்னுது நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ ஆறு தேடித்தான் வருவா. போலி வச்சு ஏமாத்தினா எனக்கே மனசு கேக்காது."

எடீலியோ அவசரமாகச் சொன்னான். "அப்ப நாளன்னைக்கு மச்சான் குடிக்கணுமேம்மா. ஊரு பூரா நிக்கும். ஊர்க்கூட்டம் வேற வருது."

"நான் குடிக்கிறேன்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னபோது, பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறையாக எனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று இருந்தது. அந்தத் தம்ளர் வேண்டும். இயந்திரம் மேலே உள்ள ஊருக்குப் போகட்டும். நானும் அதோடு போகலாம். எங்கே போனாலும் ஒன்றுதான். ஆனால் அவள் குடித்து மீதி வைத்ததை ஒரு முறை நான் குடித்துவிட வேண்டும். உயிரோடு இருந்தபோது அவள் என்னிடமிருந்து மறைத்த ஒரே பொருள் அது.

தெல்ஃபீனா திரும்பிப் பார்க்கவில்லை. "உப்பு எடு, நோர்மா," என்றார்.

முதல் தேதி காலை எல்லோரும் சேர்ந்து மேசை போட்டார்கள். கறுப்புத் துணி. கல்யாணத்தன்று எடுத்த அவள் படம். காகிதப் பூக்கள், மெழுகுவத்திகள், ரொட்டிப் பொம்மைகள், சீஸ், கோக்கா இலை, வேகவைத்த சோளம். நடுவில் தண்ணீர். தம்ளரை விளிம்புவரை ஆற்றுத் தண்ணீரால் தெல்ஃபீனாவே நிரப்பினார். நான் ஷேவ் செய்திருந்தேன். தாடையில் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. எடீலியோ காகிதத்தைக் கிழித்து ஒட்டினான்.

"இப்பத்தான் அவ உண்மையிலேயே பயப்படுவா," என்றான்.

நண்பகலில் தேவாலய மணி அடித்தது. கதவைத் திறந்துவைத்தோம். வெயில் மட்டும் உள்ளே வந்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். வேண்டுதல் சொல்பவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார், பின்னால் மற்றவர்கள். நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று முழுவதும் ஆட்கள் வந்தார்கள். சாப்பிட்டார்கள், ஒயின் குடித்தார்கள், சுலேமாவைப் பற்றிச் சொன்னார்கள். ஆட்டுக்கிடா ஒன்று அவளைத் துரத்தியது, அவள் சோளக்காட்டில் ஒளிந்தது. எனக்குத் தெரியாத கதை. எனக்குத் தெரியாத கதைகளே அதிகம். கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது என் தோளைத் தட்டினால் தலையாட்டினேன். வீடு இவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு தனியாக இருந்ததும் இல்லை.

மறுநாள் காலை தம்ளரில் தண்ணீர் இறங்கியிருந்தது. எல்சாதான் முதலில் பார்த்தாள்.

"குடிச்சிருக்கா! பாருங்க, ஒரு வெரக்கடை குடிச்சிருக்கா!"

பெண்கள் வந்து பார்த்தார்கள். தெல்ஃபீனா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். இந்தக் காற்றில் எந்தத் தம்ளரும் ஒரு நாளில் அவ்வளவு இறங்கும். அலமாரியில் வைத்தாலும் இறங்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கொஞ்சம் லேசானது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் கண்ணாடியில் ஆற்று உப்பு படிந்த மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது.

நண்பகல் நெருங்கியது. வீட்டுக்குள் இடமில்லாமல் முற்றத்திலும் நின்றார்கள். குழாய்க்கு வருபவர்கள், வராதவர்கள், இரண்டு பக்கமும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தம்ளருக்கும் எனக்கும் நடுவே பார்வைகள் போய் வந்தன. கடைசி வேண்டுதல் முடிந்தது. மணி அடித்தது.

நான் எழுந்து கையை நீட்டினேன்.

எனக்கு முன்னால் தெல்ஃபீனாவின் கை போய்விட்டது. தம்ளரை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சொட்டு விடவில்லை.

பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். "புருஷன் உயிரோட இருக்கானே?"

"இருக்கான்ல? அப்ப அவன் இருக்கட்டும்," என்றார் தெல்ஃபீனா, உரக்க. "எனக்கு இந்த ஆறு பழகிப்போச்சு. இனி அது என்னைய என்ன பண்ணப் போகுது? அவன் வெளியூர்ப் புள்ள. இன்னும் வயசு கெடக்கு." வாயைத் துடைத்தார். பிறகு நோர்மாவின் பக்கம் திரும்பினார். "நீயும் இன்னையிலேருந்து பானையத் தொடாத. உனக்கு மாப்ளே தண்ணி தருவான். உப்பெல்லாம் போட்டு. நல்லாத்தான் இருக்கு, நான் குடிச்சுப் பாத்துட்டேன்."

எல்சாதான் முதலில் வாய் திறந்தாள். "அதான் என் கால்சியத்த வாங்கிட்டுப் போனியா?"

சிலர் சிரித்தார்கள். அவ்வளவுதான். ஊர்க்கூட்டத்துக்கு இனி வேலை இருக்காது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

என் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. இறக்கிக்கொண்டேன்.

அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். ஊருக்கு முன்னால் தன் வீம்பை விட்டுக்கொடுத்து இயந்திரத்தைக் காப்பாற்றினார், என்னைக் காப்பாற்றினார். எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில், ஆற்றோடும் அவளோடும் சேராதவன் நான் ஒருவன்தான் என்பதும் அந்த ஒரே மூச்சில் முடிவாகிவிட்டது.

வழியனுப்பிய பிறகு மேசையைச் சட்டென்று கலைக்க வேண்டும். துணியை உருவினார்கள். ரொட்டிகளைப் பங்கிட்டார்கள். பின்னல் வைத்த பொம்மை யாருக்குப் போனது என்று தெரியவில்லை. வெங்காயத் தண்டுகளை இடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். நானும் போய்த் திரும்பினேன். வீடு பழையபடி ஆனது. தம்ளர் மட்டும் தொட்டியருகே கழுவாமல் கிடந்தது.

மறுநாள் காலை எடீலியோ காலிக் குடத்தோடு வந்தான். லாரி இல்லை. நடந்து வந்திருந்தான்.

"அம்மா அனுப்பினாங்க. அந்தப் போலி ஆறு கொஞ்சம் வேணுமாம், நோர்மாவுக்கு."

"உனக்கு?"

"எனக்கும்தான். பேதி உப்பக் கொறச்சுப் போடு."

அளந்து கரைத்தேன். அவன் அங்கேயே நின்று ஒரு தம்ளர் குடித்தான். காத்திருந்தான், வயிற்றுக்குள் கவனிப்பது போல.

"நிக்குது மச்சான்," என்றான்.

குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். ஆற்றோரமாகவே அவன் போவதைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். தொட்டியருகே கிடந்த தம்ளரை எடுத்தேன். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. கழுவவில்லை. நான் கரைத்த தண்ணீரை ஊற்றினேன். மெதுவாக, கோடுவரை. கோடு மறைந்தது.

நின்றுகொண்டே குடித்தேன். முதலில் உப்பு.

இன்னொரு தம்ளர் ஊற்றிக்கொண்டேன்.